முருகன் முகத்தில் மஞ்சள்

1999, ஆனி மாதம். சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் அடுத்த வருடத்துக்கான காலண்டர் ஆல்பம் தயாராகிக்கொண்டிருந்தது. ஆடிப்பெருக்கன்று ஆல்பம் வெளிவந்தாக வேண்டும். எங்கள் ஊரில் அந்த நாளைத் தள்ளிப்போட யாருக்கும் மனம் வராது. மெஷினிலிருந்து முதல் தாள்கள் இறங்கின. பால முருகனின் முகம், காமாலை கண்ட பிள்ளையின் முகம்போல் இருந்தது.

மெஷின்மேன் அண்ணாச்சி மையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், லென்ஸை வைத்துப் புள்ளிகளைப் பார்த்தார். பிறகு ஒரு தாளை உருவிக்கொண்டு நேராக என் அறைக்கு வந்துவிட்டார்.

"தம்பி, மையில குத்தம் இல்ல. பிளேட்டுலயே மஞ்ச தூக்கலா இருக்கு. உன் பெட்டியில எப்படித் தெரியுது?"

என் பெட்டியில் முருகன் பாலும் ரோஜாவும் கலந்த நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. தாளின் ஓரத்தில் அச்சு ஏறாத வெள்ளைப் பகுதியைத் திரையின் வெள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார்.

"இதுல எதுப்பா வெள்ள?"

தாள் வெண்ணெய்போல் இருந்தது. திரை, சொட்டு நீலம் கூடிப்போன வேட்டிபோல் இருந்தது. ஒரு வருடமாக அந்தத் திரையின் முன்னால் நாளுக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் நான். அதை வெள்ளை என்றே நம்பியிருந்தேன்.

நடந்தது இதுதான். அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய் மானிட்டர்கள் பெரும்பாலும் 9300 கெல்வின் என்ற அமைப்போடு கடைக்கு வரும். கெல்வின் எண் ஏற ஏற வெள்ளை நீலத்தின் பக்கம் சாயும். அச்சுத் தாளைப் பார்ப்பதற்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வெளிச்சமோ 5000 கெல்வின். கண் முழுதாக ஏமாந்திருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். ஆனால் அசல் ஓவியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையில் தெரிந்த முகத்தை அதோடு ஒப்பிட்டு வேலை செய்தேன். முகத்தில் நீலம் தட்டியது. நீலத்தைக் குறைத்தேன். அச்சு மொழியில் அதற்கு மஞ்சளை ஏற்றினேன் என்று பொருள். திரையின் குற்றத்துக்கு முருகன் முகத்தில் தண்டனை போட்டேன். முகத்தை முகத்தோடு ஒப்பிட்ட எனக்கு, முதலில் வெள்ளையை வெள்ளையோடு ஒப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை. மெஷின் பக்கத்திலேயே முப்பது வருடம் நின்ற மனிதருக்கு அதுதான் முதலில் தோன்றியது.

அந்தப் பிளேட் போனது, பாசிட்டிவ் ஃபிலிம் போனது. ஒரு நாள் வேலை மொத்தமாகப் போனது. அன்றிலிருந்து இன்றுவரை மானிட்டரில் நிறம் தட்டுவதைத் தேடிப்பிடிப்பது என் பிழைப்பின் பாதி.

கண்ணாடிக் குழாயின் குற்றங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தன. அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பிரியம் வருவது அதனால்தான். குழாயின் பின்கழுத்தில் சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என மூன்று எலக்ட்ரான் கதிர்கள் புறப்படும். துளையிட்ட மெல்லிய உலோகத் தகடு ஒன்றைத் தாண்டி, ஒவ்வொரு கதிரும் தனக்குரிய பாஸ்பர் புள்ளியில் மட்டும் போய் விழவேண்டும். பக்கத்தில் ஒரு காந்தம் இருந்தால் போதும், கதிர் வழி மாறி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிடும். ஒரு நாள் என் திரையின் வலது மூலையில் மாந்தளிர் நிறத்தில் ஒரு திட்டு விழுந்தது. ஃபோட்டோஷாப்பில் தேடினேன், கிராபிக்ஸ் கார்டை மாற்றிப் போட்டேன், விண்டோஸை மறுபடியும் ஏற்றினேன். கடைசியில் பார்த்தால் புதிதாக வந்த பையன் பாட்டுக் கேட்பதற்காக ஒரு ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி வலதுபக்கம் வைத்திருக்கிறான். அதை நகர்த்தியும் திட்டு போகவில்லை. தகட்டில் காந்தம் ஏறியிருந்தது. மானிட்டரில் டீகாஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம், படம் தண்ணீரில் கல் விழுந்ததுபோல் ஒரு குலுங்கு, அப்புறம் அமைதி. திட்டு போய்விட்டது. ஒரே நிறத்தில் நிரப்பிய திரையைப் பார்த்துத் திட்டு தேடும் பழக்கம் அன்று பிடித்ததுதான்.

கேபிளும் அப்படித்தான். நீல நிற முனை கொண்ட வி.ஜி.ஏ. கேபிளில் பதினைந்து பின்கள். முதல் மூன்று பின்களில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியே வரும். கழற்றி மாட்டும் அவசரத்தில் மூன்றாவது வளைந்துவிட்டால் திரை முழுக்க மஞ்சள். இரண்டாவது வளைந்தால் மெஜந்தா. முதலாவது வளைந்தால் சயான். எந்த நிறம் தட்டுகிறது என்று பார்த்தாலே எந்தப் பின் என்று சொல்லிவிடலாம். குறடு எடுத்து நிமிர்த்தினால் வேலை முடிந்தது.

இன்னொன்று, சூடு. காலையில் போட்ட மானிட்டர் அரை மணி நேரம் ஆகாமல் நிலைக்கு வராது. அதுவரை நிறத்தைத் தொடாமல் எழுத்து வேலையை மட்டும் செய்வோம். கரன்ட் போய்ப் போய் வரும் ஊரில் அந்த அரை மணி நேரம் ஒரு நாளில் நான்கு முறை வரும்.

அளக்கிற கருவி அப்போதும் இருந்தது. எங்கள் அறைக்கு வருகிற விலையில் இல்லை. எங்களிடம் இருந்தது ஃபோட்டோஷாப்போடு கூடவே வந்த அடோபி காமா என்ற சிறு நிரல். கோடு போட்ட சதுரத்துக்கு நடுவில் ஒரு சாம்பல் சதுரம் இருக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நடுச் சதுரம் கரைந்து மறையும்வரை ஒரு நகர்த்தியை இழுக்க வேண்டும். பிறகு மூன்று சாம்பல்களைக் காட்டி எது நிறமே இல்லாத சாம்பல் என்று கேட்கும். நிறம் தட்டிய கண்ணிடமே நிறம் தட்டாதது எது என்று கேட்டால் அது என்ன சொல்லும்? கண்ணின் குணம் அது. மஞ்சள் பல்பின் கீழே அரை நிமிடம் உட்கார்ந்தால் வெள்ளைச் சட்டை மறுபடி வெள்ளையாகிவிடுகிறது. உயிர் வாழ்வதற்கு அந்த வரம் தேவை, காலண்டர் அடிப்பதற்கு அது ஆகாது. நான் பகலில் செய்த அளவும் இரவில் டியூப் லைட்டில் செய்த அளவும் ஒன்றாக வந்ததே இல்லை. எங்கள் அறைச் சுவர் வேறு கிளிப்பச்சை டிஸ்டெம்பர். பச்சைச் சுவரில் பட்ட வெளிச்சம் திரையில் விழும். பச்சையைச் சுமந்த கண் சாம்பலில் ரோஸைத் தேடும். அந்தச் சுவருக்குச் சாம்பல் அடிக்கச் சொல்லி முதலாளியைச் சம்மதிக்க வைக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. துக்க வீடு மாதிரி இருக்கும் என்றார். அடித்த பிறகு ரீபிரிண்ட் குறைந்ததை அவரே பார்த்துச் சொன்னார்.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணர் படம் அச்சில் ஊதாவாகப் போவது மானிட்டரின் குற்றம் இல்லை. திரையின் நீலம் ஒளி. அதே நீலத்தை சயான் மையையும் மெஜந்தா மையையும் கலந்து தாளில் கொண்டுவர முடியாது. மெஜந்தாவைக் குறைத்தால்தான் ஊதா ஓடும், கூடவே ஆழமும் கொஞ்சம் ஓடும். கிருஷ்ணருக்காக மானிட்டரைத் திருகியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திருகிய மறுநாள் லட்சுமியின் புடவையும் சரஸ்வதியின் வெள்ளையும் கெட்டுப்போகும். சாம்பல் சாம்பலாகவே இருந்து ஒரு நிறம் மட்டும் பிசகினால் மானிட்டரைத் தொடக்கூடாது. சாம்பலே சாய்ந்தால்தான் தொடவேண்டும்.

தட்டையான திரைகள் வந்தபோது காந்தமும் டீகாஸும் ஒரேயடியாகப் போய்விட்டன. நடுவில் சில வருடங்கள் மோசமானவை. மலிவான திரைகளில் நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினால் முகத்தின் நிறம் மாறும். பின்விளக்காக இருந்த மெல்லிய குழல்கள் வயதாக ஆக மஞ்சளாகிக்கொண்டே போகும். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

இன்று என் அறையில் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். மேசையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு அளவுக்கருவி இருக்கிறது. திரையின் நடுவில் தொங்கவிட்டால் மென்பொருள் ஒன்றன்பின் ஒன்றாக நிறச் சதுரங்களைக் காட்டும். கருவி அதை அளக்கும். அந்தத் திரை நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று நிரல்களுக்குச் சொல்லும் ஒரு பிரொஃபைல் ஃபைலைச் சில நிமிடங்களில் எழுதிக் கொடுத்துவிடும். அடோபி காமாவில் கண்ணைச் சுருக்கிய எனக்கு முதல் முறை இதைப் பார்த்தபோது கண் கலங்கியது. அது உண்மை.

ஆனால் குற்றம் போகவில்லை. கைக்கு எட்டுகிற இடத்திலிருந்து எழுந்து, கண்ணுக்குத் தெரியாத இடங்களில் போய் உட்கார்ந்துகொண்டது.

போன வருடம் ஒரு விசித்திரம். ஒரே டிசைனர் செய்த பக்கங்களில் பாதி சரியாக வந்தன, பாதியில் நீலம் தட்டியது. மானிட்டரை அளந்தால் சரி. ஃபைல்களைச் சேமித்த நேரத்தைப் பார்த்தேன். நீலம் தட்டியவை அத்தனையும் மாலை ஆறு மணிக்குமேல் செய்தவை. சூரியன் மறைந்ததும் திரையைத் தானாக மஞ்சளாக்கும் இரவு ஒளி வசதி அந்தக் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. 2017-ல் விண்டோஸிலும் மேக்கிலும் அது கூடவே வரத் தொடங்கியது. கண்ணுக்கு நல்லது என்று அந்தப் பெண் போட்டு வைத்திருந்தாள். திரை மஞ்சளாகத் தெரிய, அவள் மஞ்சளைக் குறைத்திருக்கிறாள். 1999-ல் நான் செய்த அதே தப்பு, நிறம் மட்டும் தலைகீழ். கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை.

இப்போது எங்கள் அறையில் ஒரு திரையில் நிறம் தட்டினால் முதலில் யாரும் கருவியைத் தேடக்கூடாது. மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து பார்க்க வேண்டும். பிரைட்னெஸ், கான்ட்ராஸ்ட் என்று திரையில் மிதக்கிறதே, அந்த மெனுவைக் கணினி வரையவில்லை, மானிட்டரே வரைகிறது. மெனுவின் வெள்ளை எழுத்தும் ரோஸாக இருந்தால் நோய் மானிட்டரில். மெனு சுத்தமாக இருந்து படம் மட்டும் ரோஸாக இருந்தால் நோய் கணினியிலோ கேபிளிலோ. அடுத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சரியான இன்னொரு கணினியில் திறக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு கடைசியில் போடும் திருத்தம் ஸ்கிரீன்ஷாட்டில் பதியாது. ஆகவே அங்கேயும் நிறம் தட்டினால் படமோ நிரலோ காரணம். அங்கே சுத்தமாக இருந்தால் படத்தை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் தேடலாம். அண்ணாச்சி தாள் ஓரத்தைத் திரையில் பிடித்தாரே, அதே வேலைதான் இதுவும். ஒன்றைத் தனியாகப் பார்த்து நிறம் சொல்லக்கூடாது.

பிறகு கறுப்பிலிருந்து வெள்ளைவரை படிப்படியாக ஏறும் ஒரு சாம்பல் பட்டையைத் திறப்போம். பட்டை முழுக்க ஒரே சாயல் என்றால் வெள்ளைப் புள்ளி பிசகியிருக்கிறது. மானிட்டரின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளை அதன் மெனுவிலேயே திருத்த வேண்டும். இருட்டுப் பகுதியில் மட்டும் என்றால் கறுப்பின் அளவு. படிக்குப் படி ரோஸும் பச்சையும் மாறி மாறிக் கோடு போட்டால், கார்டின் திருத்த அட்டவணைமேல் அளவுக்கு மீறிய திருத்தத்தைச் சுமத்தியிருக்கிறோம் என்று பொருள். 256 படிகள் மட்டும் இருக்கிற இடத்தில் நிறைய இழுத்தால் படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் முடிந்தவரை மானிட்டரிலேயே திருத்திவிட்டு, மிச்சத்தை மட்டும் கார்டிடம் விடவேண்டும் என்று பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அந்தக் கார்டுத் திருத்தம் எப்போது வேண்டுமானாலும் நழுவும். 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டாவில், அனுமதி கேட்டுத் திரை ஒருமுறை மங்கினாலே நாம் செய்த அளவெல்லாம் கழன்றுவிடும். இன்றும் கணினி தூங்கி எழுந்ததும் ஒருமுறை சாம்பலைப் பார்த்துக்கொள்வது நல்லது. இன்னொரு குறும்பும் உண்டு. டெஸ்க்டாப் வெள்ளையாக இருக்கும். படத்தைத் திறந்தால் மஞ்சள். வேறு நிரலில் திறந்தால் மறுபடி வெள்ளை. அங்கே திரை நிரபராதி. மானிட்டரோடு வந்த கோளாறான பிரொஃபைல் ஒன்று குந்தியிருக்கும். அதைப் படிக்கிற நிரல் மஞ்சளாகக் காட்டும், படிக்காதது சும்மா இருக்கும்.

இந்தச் சித்திரையில் எங்களை இரண்டு நாள் அலைக்கழித்தது வேறு. புதிதாக வாங்கிய, நிற வீச்சு அதிகமான மானிட்டர். மெனு சரி, ஸ்கிரீன்ஷாட் சரி, இரவு ஒளி கிடையாது. கருவி எல்லாம் சரி என்கிறது. பக்கத்தில் பழைய மானிட்டர், அதையும் அதே கருவி சரி என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் புதியதில் ரோஸ் தட்டுகிறது. என்னோடு வேலை செய்யும் பையன் என்னை நம்பாமல் கருவியை நம்பினான். நானும் என்னை முழுதாக நம்பவில்லை. மென்பொருளில் திரையின் வகை என்ன என்று ஒரு கேள்வி இருந்தது. பழைய மானிட்டருக்குக் கொடுத்த பதிலே, சாதாரண வெள்ளை எல்.இ.டி. என்று அப்படியே கிடந்தது. கருவிக்குள் இருக்கும் மூன்று நிற வடிகட்டிகள் எந்த வகை ஒளியைப் பார்க்கின்றன என்று சொல்லாவிட்டால் அவை கணக்கைத் தவறாகப் போடும். வகையை மாற்றி அளந்தோம். ரோஸ் பெருமளவு போய்விட்டது.

பெருமளவுதான். ஒரு நூல் மிச்சம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதற்குக் காரணம் கருவியும் அல்ல, மானிட்டரும் அல்ல. அளவுக்கருவிகள் பெரும்பாலும் 1931-ல் வகுத்த ஒரு சராசரிக் கண்ணை வைத்தே கணக்குப் போடுகின்றன. இங்கிலாந்தில் ரைட் என்பவர் 10 பேரையும் கில்ட் என்பவர் 7 பேரையும் வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து பிறந்த கண் அது. பதினேழு பேரின் சராசரி. பழைய ஒளிகளுக்கு அது அருமையாகப் பொருந்துகிறது. இன்றைய திரைகளின் ஒளி ஊசி ஊசியாகக் குறுகியது. அங்கே ஒவ்வொருவர் கண்ணும் அந்தச் சராசரியிலிருந்து கொஞ்சம் விலகுவது வெளியே தெரிந்துவிடுகிறது. எண் ஒன்றாக இருந்தும் இரண்டு வெள்ளைகள் வேறாகத் தெரிந்தால், எண்ணை ஓரம் வைத்துவிட்டு வெள்ளைப் புள்ளியை மட்டும் கண்ணால் சேர்க்கிறோம். கண்ணை நம்பிக் கெட்ட நான், கருவி வந்த பிறகு அந்த ஒரு நூலுக்காகக் கண்ணிடமே திரும்பி வந்திருக்கிறேன்.

வாடிக்கையாளர் இப்போது தாளைப் பார்ப்பதில்லை, வாட்ஸ்அப்பில் போன படத்தைப் பார்க்கிறார். அவர் போனில் நிறத்தைத் தூக்கிக் காட்டும் அமைப்பு ஓடுகிறது. அதற்கு நான் செய்யக்கூடியது, அச்சான தாளைக் கூரியரில் அனுப்பிவிட்டு ஒரு நாள் பொறுக்கச் சொல்வது மட்டும்தான்.

அண்ணாச்சி ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. ஆல்பம் வேலை நடக்கிற நாளில் எங்கள் அறைக்கு வந்து உட்காருவார். போன மாதம் வந்தபோது வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. உட்கார்ந்ததும் ஒரு கண்ணைப் பொத்தி, பிறகு மற்றதைப் பொத்தி, தன் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கண்ணுல வெள்ளையா இருக்கு தம்பி. அந்தக் கண்ணுல டீ கொட்டின மாதிரி இருக்கு. அப்ப இத்தன வருஷம் நான் ஓகே போட்ட தாள் எல்லாம்?"

குரல் நிஜமாகவே கலங்கியிருந்தது. வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும், எல்லோருக்கும் அப்படித்தான் என்றேன். "புரூஃபையும் தாளையும் ஒரே கண்ணாலதான அண்ணாச்சி பாத்தீங்க? மஞ்சக் கண்ணாடி போட்டவன் ரெண்டு வேட்டியப் பக்கத்துல வச்சா, எது வெளுப்புன்னு சொல்ல மாட்டானா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து, மேசையில் கிடந்த இந்த வருட முருகன் தாளை எடுத்தார். ஓரத்து வெள்ளையைத் திரையின் வெள்ளைக்குப் பக்கத்தில் பிடித்தார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணு."

வலது கண்ணைப் பொத்தினார். கழுத்தைச் சாய்த்து, நிதானமாகப் பார்த்தார்.

"இதுல மட்டும் பேப்பர் ஒரு நூல் மஞ்ச. எந்தக் கண்ண வச்சுத் தம்பி ஓகே போட?"